சிவப்புக் கோடு எங்கே போனது?

அத்தியாயம் 14

அருள் பிரகாஷுக்கு முதல் அடி விழுந்தபோது அவன் வாயில் இட்லி இருந்தது.

சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற சாலையில் இருக்கும் தன் டிடிபி கடையை அப்போதுதான் திறந்திருந்தான். பொட்டலத்தைப் பிரித்து, சட்னியில் தொட்டு ஒரு வாய்தான் வைத்தான். உள்ளே நுழைந்த புவனகிரி வைத்திலிங்கம் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கையில் இருந்த கனத்த புத்தகத்தை ஓங்கி அவன் முகத்தில் அறைந்தார். கெட்டி அட்டை, தங்க எழுத்து, அருளே ஒட்டித் தைத்த பைண்டிங். மூக்கு உடைந்து ரத்தம் இட்லி மேல் சொட்டியது.

"படிடா! நீ அடிச்சத நீயே படி!"

பின்னாலேயே ஓடி வந்தாள் வெண்மதி. வைத்திலிங்கத்தின் அக்கா மகள். தகப்பன் இல்லாத பெண்ணைத் தாய்மாமன்தான் வளர்த்து, படிக்க வைத்தார். பரங்கிப்பேட்டை உப்பங்கழியில் முழங்கால் சேற்றில் நின்று நண்டு பிடித்து ஆராய்ச்சி செய்தவள் அவள். இங்கிலீஷில் கையால் எழுதிய அந்த ஆராய்ச்சியை டைப் அடித்து, பிரிண்ட் போட்டு, புத்தகமாக்கிக் கொடுத்தது அருள்.

அந்தப் புத்தகத்தைத்தான் நேற்று அவளுடைய கைடு மேஜையில் விட்டெறிந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப் பிழை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். இன்று சாயங்காலம் யுனிவர்சிட்டி ஆபீஸ் மூடுவதற்குள் திருத்திக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

"சார், நான் செக் பண்ணேன் சார்!" அருள் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினான். "எஃப் செவன் போட்டேன். கம்ப்ளீட்னு வந்துச்சு!"

அருளின் தொழில் சூட்சுமமே அந்த எஃப் செவன் பட்டன்தான். அவன் விரல் வேகத்துக்கு சிதம்பரத்தில் ஆள் கிடையாது. திரையைப் பார்க்காமல் அடித்துத் தள்ளுவான். தப்பு விழுந்தால் விழட்டும், கடைசியில் எஃப் செவனைத் தட்டினால் கம்ப்யூட்டரே ஒவ்வொரு பிழையாகக் காட்டிக் கொடுக்கும். இத்தனை வருஷமாக அது அவனைக் கைவிட்டதே இல்லை.

"கம்ப்ளீட்டா? இதாடா கம்ப்ளீட்டு?"

வைத்திலிங்கம் இரும்பு ஸ்டூலைத் தூக்கினார். முதல் வீச்சு அருளின் தோளில் இறங்கியது. இரண்டாவது வீச்சுக்கு அவன் குனிந்துகொண்டதால் பிரிண்டர் இரண்டாகப் பிளந்து, கறுப்பு மைத்தூள் புகையாகக் கிளம்பியது.

"மாமா, வேணாம் மாமா! அவர அடிச்சா எனக்கு யாரு திருத்திக் குடுப்பாங்க?" வெண்மதி அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

மைத்தூளும் ரத்தமும் கலந்த முகத்தோடு எழுந்து நின்றான் அருள். அந்த நிமிஷத்தில் அவனுக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

போன வாரம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அருளின் மகள் ஜெயராணி கோவிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள். விருந்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த தங்கை புருஷன் ஆரோக்கியராஜைப் பார்த்து, "எங்கப்பன் சோத்துல வளர்ற ஒடம்பு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னான் அருள். ஆரோக்கியராஜ் கைகூடக் கழுவவில்லை, பிரியாணிக் கையோடு எழுந்து விட்டான் ஓர் அறை. 'அந்தக் கைய ஒடைக்காம விட மாட்டேன்' என்று அருள் சத்தியம் செய்தது மாதா சுரூபத்தைத் தொட்டு.

அதற்கும் முந்திய ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஒரு மாணவன் கொண்டுவந்த பென்டிரைவால் அருளின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வைரஸில் படுத்தன. அப்பா அனுப்பிவைத்து வந்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தவன் இதே ஆரோக்கியராஜ்தான். அருள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தான்.

அருள் கணக்குப் போட்டுவிட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சொன்னதை நினைத்துப் பார்க்க அவன் மூக்கு இடம் கொடுக்கவில்லை.

"இதச் செஞ்சவன் கடலூர்ல இருக்கான் சார். என் தங்கச்சி புருஷன். இன்னைக்கு அவனுக்குக் கை இருக்காது."

பைண்டிங் பிரஸ்ஸை இறுக்கித் திருகுகிற இரும்புக் கம்பியை உருவினான். முழ நீளம், பெருவிரல் கனம். அதைச் சட்டைக்குள் முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு பைக்கை உதைத்தான்.

"நீ திரும்பி வரலேன்னா கடைய கொளுத்திடுவேன்!" என்று பின்னாலேயே கத்தினார் வைத்திலிங்கம். சொன்னால் செய்கிறவர்தான்.

* * *

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் நடக்கிற தெருவில் குடும்பத்தின் மூத்த கடை. மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று காலையிலேயே கூட்டம் வந்துவிடும். இன்று கோர்ட்டு லீவு என்பதால் கடையில் மூன்று பேர்தான். கம்ப்யூட்டர் முன்னால் ஜோதி மேரி. தரையில் ஒரு சிபியூவைப் பிரித்துப் போட்டு ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அவள் புருஷன் ஆரோக்கியராஜ். முன் மேஜையில் அப்பா சூசைமாணிக்கம், காதில் பென்சில், எதிரில் பேப்பர்.

ஜோதியின் ஃபோன் அடித்தது. சிதம்பரம் கடைப் பலகையில் 'தலைமைக் கடை' என்று போட்டிருந்த நம்பரைப் பார்த்து அடித்திருந்தாள் வெண்மதி.

"அக்கா, என் பேரு வெண்மதி, ஒங்க சிதம்பரம் கடையிலேருந்து பேசறேன். என் தீசிஸ் பூரா ஸ்பெல்லிங் மிஸ்டேக்கு. எங்க மாமா அருள் அண்ணன அடிச்சிட்டாரு. அண்ணன் இரும்புக் கம்பி எடுத்துனு கடலூருக்கு வர்றாரு. தங்கச்சி புருஷன் கை இருக்காதுன்னு கத்திட்டுப் போறாருக்கா."

ஜோதி ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனை மேஜையில் வைத்தாள். விஷயம் முழுவதையும் மறுபடி ஒரு தடவை வெண்மதி வாயாலேயே கடைக்குள் எல்லாரும் கேட்டார்கள்.

"என்னாங்க... அன்னைக்கி சிதம்பரத்துல நீங்க என்னா பண்ணீங்க?"

ஆரோக்கியராஜ் தலையைத் தூக்கவில்லை. "சிஸ்டம் போட்டேன்."

"அண்ணன் மேல இருக்கிற பழைய கோவத்துல எதையாச்சும்..."

"நான் ஒண்ணும் கெடுக்கல." சொல்லிவிட்டு ஏனோ மாமனாரை ஒரு பார்வை பார்த்தான். சூசைமாணிக்கம் பேப்பரைப் புரட்டினார்.

ஜோதிக்குப் பயமாக இருந்தது. அண்ணனின் கம்பியை நினைத்து மட்டும் அல்ல. இந்த மனுஷன் செய்திருப்பானோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. முன்கோபி. பந்தியில் அறைந்த கைதானே இது? செய்திருந்தாலும் இருக்கும் என்று ஒரு மனசு சொல்ல, அப்படி நினைத்ததற்காக இன்னொரு மனசு அவளைத் திட்டியது.

"எந்திரிங்க. பண்ருட்டிக்கு ஒங்க அக்கா வூட்டுக்குப் போயிடுங்க. நான் அண்ணன்கிட்ட பேசிக்கறேன்."

"போவ மாட்டேன். ஓடுனா நான்தான் செஞ்சேன்னு ஆயிடும்."

"அட, அவ சொல்றதக் கேளுங்க மாப்ள," என்றார் சூசைமாணிக்கம் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "ரெண்டு நாளு போயிட்டு வாங்க. எல்லாம் ஆறிடும்."

ஆரோக்கியராஜ் மெல்ல எழுந்தான். "நீங்களா மாமா சொல்றீங்க?"

பேப்பர் தாழவில்லை. ஆரோக்கியராஜ் திரும்பி வாசலைப் பார்த்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. "வரட்டும். கம்பியோடதான வர்றான். வரட்டும்."

இருவரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு, இன்னொருவர் ஜெயிலுக்கு. ஜோதிக்கு அது பளிச்சென்று தெரிந்தது. அருளுக்கு ஃபோன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. பைக்கில் போகிறவன் எடுக்கவா போகிறான்? புதுச்சத்திரம் தாண்டியிருப்பான். அவன் வருவதற்குள் கோளாறு என்ன, யாரால் வந்தது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்தால்தான் வாசலிலேயே நிறுத்திச் சொல்ல முடியும்.

"வெண்மதி, சிஸ்டம் முன்னாடி ஒக்காரும்மா. ஒன் தீசிஸ் ஃபைலத் தொற. நான் சொல்றதச் செய்."

"தொறந்துட்டேன்க்கா." அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ கண்ணாடி உடைந்தது. "மாமா! மானிட்டர விடுங்க மாமா! அதுலதான் பாக்கணும்!"

"ஃபைல் போ. ஆப்ஷன்ஸ். அதுல ப்ரூஃபிங்னு இருக்கும். டைப் அடிக்கும்போதே ஸ்பெல்லிங் பாக்கறதுன்னு ஒரு கட்டம். டிக் இருக்கா?"

"இருக்குக்கா."

"கடைசில, இந்த ஃபைல்ல மட்டும் பிழைய மறைச்சு வைன்னு ஒண்ணு இருக்கும். அதுல?"

"இல்லக்கா. காலியா இருக்கு."

கோளாறு அந்த இரண்டிலும் இல்லை. ஜோதி நகத்தைக் கடித்தாள். தப்பு வார்த்தைகளையெல்லாம் யாராவது சரி என்று டிக்‌ஷனரியில் சேர்த்துவிட்டார்களோ? அதையும் திறக்கச் சொன்னாள். நண்டுகளின் லத்தீன் பெயர் நாலைந்தைத் தவிர அதில் எதுவும் இல்லை.

"சரி. எஃப் செவன் போடு. வர்றத அப்படியே படி. ஒரு எழுத்து வுடாத."

"செக்கிங் முடிஞ்சிதுன்னு வருதுக்கா." வெண்மதி நிறுத்தினாள். "கீழ இன்னொரு வரி இருக்கு. 'செக் பண்ண வேணாம்'னு குறிச்சு வச்ச எடத்தையெல்லாம் விட்டாச்சுன்னு போட்டிருக்கு."

அடப்பாவி அண்ணா! முதல் வரியைப் பார்த்ததும் ஓகேயைத் தட்டிவிட்டுப் போகிறவன் அவன். இரண்டாவது வரியை அவன் படித்தே இருக்க மாட்டான். அவனைச் சொல்லிக் குற்றம் இல்லை, அந்த வரியை ஊரில் யார்தான் படிக்கிறார்கள்?

"கன்ட்ரோல் ஏ போடு. எல்லாம் செலக்ட் ஆவும். ரிவ்யூவுல லாங்குவேஜ், அதுல செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ். ஒரு சின்னப் பெட்டி வருதா? கீழ 'டூ நாட் செக்'னு ஒரு கட்டம்."

"டிக் இருக்குக்கா!"

"எடு. எடுத்துட்டு ஓகே குடு."

மவுஸைத் தட்டும் சத்தம் வந்தது. பிறகு வெண்மதி அழுவது கேட்டது.

"என்னாச்சும்மா?"

"சிவப்புக் கோடுக்கா! கொட்டுது! தப்பு வார்த்தைக்குக் கீழல்லாம் பக்கம் பூரா சிவப்பா கொட்டுது!"

தப்பைப் பார்த்து ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்பட்டு ஜோதி கேட்டதில்லை. அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் பாதிதான் முடிந்திருந்தது. அந்த டிக்கை அங்கே வைத்தது யார்?

"இன்னொண்ணு பண்ணும்மா. புதுசா ஒரு வெத்து ஃபைல் தொற. வாய்க்கு வந்தத இங்கிலீஷ்ல தப்பும் தவறுமா அடி."

"அடிச்சிட்டேன். ஒரு கோடும் வர்லக்கா."

அப்படியானால் வெண்மதியின் ஃபைலை யாரும் தேடிப் போய்க் கெடுக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் புது ஃபைலைத் திறந்தாலும் இதே கதிதான். புது ஃபைலுக்கெல்லாம் அச்சாக உள்ளே ஒரு ஃபைல் இருக்கும், டெம்ப்ளேட் என்பார்கள். கோளாறு அந்த அச்சிலேயே இருந்தது.

ஜோதியின் கை தானாகத் தன் கம்ப்யூட்டருக்குப் போனது. புது ஃபைல் திறந்து கன்னாபின்னாவென்று அடித்தாள். ஒரு கோடு வரவில்லை. அதே வியாதி இங்கேயும்.

"அத எதுக்கு இப்ப நோண்டற?"

எப்போது எழுந்து வந்தாரோ தெரியாது, அப்பாவின் கை மவுஸின் மேல் இருந்த அவள் கையை அழுத்திப் பிடித்திருந்தது. வலித்தது.

"கைய எடுங்கப்பா."

"வுடும்மா ஜோதி. அண்ணன் தம்பி சண்டை ஆயிரம் இருக்கும்..."

"அண்ணன் தம்பியா? வர்றவன் கம்பியோட வர்றான்! கைய எடுங்க!"

அவள் உதறிய வேகத்தில் கீபோர்டு கீழே விழுந்தது. அப்பாவின் முகத்தை அவள் பார்த்தாள். பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது.

அவள் கல்யாணம் முடிந்த புதிதில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர் மனு எழுத வந்தார். செத்துப்போன அப்பாவின் பெயரை இங்கிலீஷில் அடித்ததும் அதற்கு அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது. நம் ஊர்ப் பெயர்களெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தப்புதானே? 'எங்கப்பா பேருக்குக் கீழ ஏன்யா ரத்தக் கோடு போடற?' என்று மனிதர் ஆடித் தீர்த்துவிட்டார். மற்ற கிராக்கிகளும் எட்டிப் பார்த்து, இந்தக் கடையில் இவ்வளவு தப்பா என்று பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அன்றைக்கே சூசைமாணிக்கம் உத்தரவு போட்டார். இனிமேல் இந்தக் கடையில் சிவப்புக் கோடு ஒருத்தர் கண்ணிலும் படக் கூடாது. புது மாப்பிள்ளை ஆரோக்கியராஜ்தான் அதை ஒழித்துக் கொடுத்தான்.

கடலூர்க் கடைக்கு அதனால் ஒரு நஷ்டமும் வரவில்லை. இங்கே ஒவ்வொரு பக்கத்தையும் சூசைமாணிக்கம் பென்சிலும் கையுமாக வாய்விட்டுப் படித்துத்தான் வெளியே விடுவார். சிதம்பரத்தில் பென்சில் கிடையாது. அங்கே எஃப் செவன்தான் எல்லாம்.

"அங்கயும் எடுக்கச் சொன்னது நீங்கதானப்பா?"

சூசைமாணிக்கம் கீழே கிடந்த கீபோர்டை எடுக்கக் குனிந்தார். ஜோதி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க. இவருதான சொன்னாரு?"

ஆரோக்கியராஜ் வாசலையே பார்த்துக்கொண்டு பேசினான். "ரெண்டு கடையும் ஒரே மாதிரி இருக்கணும், இங்க இருக்கறத அப்படியே அங்க காப்பி பண்ணிடுங்க மாப்ளன்னாரு. அருளுகிட்ட சொல்லணுமேன்னேன். நான் சொல்லிக்கறேன்னாரு. அப்பறம் விருந்துல தகராறு ஆயிப்போச்சு. அவன்கிட்ட எனக்குப் பேச்சு இல்ல."

"இதக் கேட்டதுமே ஏன் சொல்லல நீங்க?"

"அவரு வாயால சொல்லட்டும்னு பாத்துனு இருந்தேன்."

பண்ருட்டிக்குப் போகச் சொன்னதும் அப்பா ஒத்து ஊதியதன் அர்த்தம் ஜோதிக்கு இப்போது புரிந்தது. மாப்பிள்ளை ஓடிவிட்டால் பழியும் அவனோடு ஓடிவிடும். பெற்ற அப்பாவை அந்த நிமிஷம் அவள் வெறுத்தாள்.

"அப்பா, நீங்க சொல்லித்தான் நடந்துச்சு. அண்ணன் வந்ததும் நீங்களே வாசல்ல நின்னு சொல்லணும். கேக்குதா? இந்தச் சிவப்புக் கோட்ட எடுக்கச் சொன்னது சூசைமாணிக்கந்தான்னு சொல்லணும்!"

கத்தினாள். தெருவே கேட்டிருக்கும். ஆனால் தெருமுனையில் திரும்பிய பைக்குக்கு அது கேட்கவில்லை.

* * *

அருள் பைக்கை ஸ்டாண்டு போடவில்லை. அது பாட்டுக்கு விழுந்தது. கம்பியை முதுகிலிருந்து உருவியபடியே உள்ளே பாய்ந்தான். உறைந்த ரத்தமும் மைத்தூளும் அப்பிய அந்த முகத்தைக் கண்டு ஜோதிக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

"அண்ணா, நில்லுண்ணா! அவரு இல்லண்ணா! அப்பாதான்..."

முதல் வீச்சு இறங்கிவிட்டது. ஆரோக்கியராஜ் முகத்தைக் காக்க வலது கையைத் தூக்கினான். மணிக்கட்டுக்கு மேலே கம்பி விழுந்தது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. ஸ்க்ரூடிரைவர் எங்கோ உருண்டது.

"இந்தக் கைதான? பந்தியில தூக்குன கை இதான?"

ஆரோக்கியராஜ் அலறிக்கொண்டே தலையால் அவன் வயிற்றில் முட்டினான். இருவரும் உருண்டு போய் ஜெராக்ஸ் மெஷினில் மோதினார்கள். கண்ணாடி நொறுங்கியது. ஆரோக்கியராஜின் இடது கை அருளின் கழுத்தைப் பிடித்து நெரித்தது. அருள் கம்பியின் முனையால் அவன் விலாவில் குத்தினான். ஒன்று, இன்னொன்று. ஒவ்வொரு குத்துக்கும் ஆரோக்கியராஜ் இன்னும் இறுக்கினான். அருளின் கண்கள் பிதுங்கின. இருவருமே செத்துப் போகிற வேகத்தில் இருந்தார்கள்.

"மாமா! பிரிச்சு விடுங்க மாமா!" என்று யாரோ கத்தினார்கள். அது ஃபோனில் வெண்மதி. சிதம்பரத்தில் இருக்கிற பெண்ணுக்கு அங்கிருந்தே யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், வாய்ப் பழக்கத்தில் வந்தது அந்த மாமா. சூசைமாணிக்கம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

ஜோதி நடுவில் விழுந்தாள். புருஷனின் விரல்களைப் பல்லால் கடித்து அண்ணனின் கழுத்திலிருந்து பிரித்தாள். பிடி விட்டதும் அருள் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து மறுபடி ஓங்கினான். அவள் புருஷன் மேல் கவிழ்ந்து படுத்தாள். கம்பி அவள் தோளில் இறங்கியது.

அவள் கத்தவில்லை. மூச்சு அப்படியே நின்றுபோனது. தங்கையின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் அருளின் கை தளர்ந்து, கம்பி தரையில் விழுந்தது.

"ஜோதி... பாப்பா..."

"அடி," என்றாள் ஜோதி. பேச்சு விட்டு விட்டு வந்தது. "இன்னும் அடி. ஆனா ஆளத் தெரிஞ்சுக்கினு அடி. அங்க செக்கிங்க நிறுத்தச் சொன்னது அப்பா. ஒன்கிட்ட சொல்லிக்கறேன்னு சொன்னதும் அப்பா. இவரு சொன்னதச் செஞ்சாரு, அவ்ளோதான்."

அருள் மெல்லத் திரும்பினான். "அப்பா?"

தெருவில் ஆள் கூடியிருந்தது.

"நெஜமாப்பா? நீயா சொன்ன?"

சூசைமாணிக்கம் மகனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கோர்ட்டுத் தெருவில் 'பெரியவர்' என்று பெயர் எடுத்தவர்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா," என்றார்.

ஆரோக்கியராஜ் அப்போதுதான் எழுந்தான். உடைந்த கை பக்கவாட்டில் தொங்கியது. குனிந்து இடது கையால் கம்பியை எடுத்தான். கூட்டம் பின்வாங்கியது. அருள் ஓடவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடிக்கட்டும் என்றே நின்றான்.

ஆரோக்கியராஜ் அவனைத் தாண்டிப் போனான். மாமனாரின் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, கம்பியை அதில் வைத்து மூடினான்.

"ஒங்க மவன் பாதிதான் அடிச்சான் மாமா. மீதிய நீங்க அடிச்சிடுங்க. இந்தக் கையும் நல்லாத்தான் இருக்கு."

இடது கையை நீட்டினான்.

சூசைமாணிக்கம் கம்பியைத் தாழ்த்தினார். "கோடு மட்டுந்தான் போவும்னு நெனச்சேன் மாப்ள," என்றார். "செக்கிங்கே நின்னுடும்னு... எனக்கு எப்படித் தெரியும்? விருந்துல சண்டை ஆனப்பறம் சொன்னா இவன் என்னைத் திட்டுவான்னு..."

அருள் அப்படியே தரையில் உட்கார்ந்தான். மச்சானின் தொங்குகிற கையைப் பார்த்தான், பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெட்கத்தில் அழுதான். அறைந்தவன் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அக்கா... அக்கா, இருக்கீங்களா?" மேஜையிலிருந்து வெண்மதியின் குரல் வந்தது. "எங்க மாமா எல்லாத்தையும் கேட்டுனு இருந்தாரு. நீங்க கத்தி ஒங்கப்பா பேர் சொன்னப்பவே கார எடுத்துனு கெளம்பிட்டாரு. கூட ரெண்டு பேரு. சூசைமாணிக்கம் கட எதுன்னு யாருக்கோ ஃபோன் போட்டுக் கேட்டுனே போறாரு. நான் சொல்லச் சொல்லக் கேக்கல அக்கா."

"நீ ஒன் வேலையப் பாரும்மா. ஒவ்வொரு கோடா திருத்திட்டு வா. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்." ஜோதி ஃபோனை எடுத்து இடுப்பில் செருகினாள். தோள் எரிந்தது. துப்பட்டாவால் புருஷனின் கையை மார்போடு சேர்த்துக் கட்டினாள்.

"ஜோதி," என்றார் சூசைமாணிக்கம். "ஷட்டர எறக்கும்மா. சீக்கிரம்."

"எறக்க மாட்டேன்."

"வந்தா என்னைக் கொன்னுடுவான்மா."

"வர்றவருகிட்ட சொல்லுங்க. நீங்கதான் சொன்னீங்கன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. என் புருஷன் கைய ஒடச்சு முடிச்சப்பறம் சொன்னீங்களே, அந்த மாதிரி லேட் பண்ணாதீங்க."

அருள் விழுந்து கிடந்த பைக்கைத் தூக்கி நிறுத்தினான். பெரியாஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடிக்க அவனுக்குத் தோன்றவில்லை. ஏறுங்க மச்சான் என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஆரோக்கியராஜ் ஏறும்வரை பைக்கை அசையாமல் பிடித்துக்கொண்டான். பின்னால் ஜோதி ஏறி, நல்ல கையால் இருவரையும் சேர்த்துப் பிடித்தாள். கூட்டம் வழிவிட்டது. மூவரும் போனார்கள்.

கடை திறந்தே கிடந்தது. நொறுங்கிய கண்ணாடிக்கு நடுவில், கையில் இருக்கிற கம்பியைக் கீழே போட்டால் சாவதா, போடாமல் நின்றால் சாவதா என்று தெரியாமல் சூசைமாணிக்கம் வாசலைப் பார்த்தபடி நின்றார்.